மேலே இருக்க வேண்டிய புள்ளி

அந்தக் கோடை முழுவதும் தக் இன்சுக் ஓர் இடத்தில் நிலையாக உட்கார்ந்து யாரும் பார்க்கவில்லை. சாப்பாட்டு மேசை முன் தரையில் அமர்ந்தாலும் ஒரு காலை மடக்காமல் வைத்திருப்பாள். எழுந்து ஓடுவதற்கு அது தோதாக இருந்தது. ஓடுவதும் ஒரே இடத்துக்குத்தான். மகன் ஹான்சோலின் அறைக்கு.

"அங்க என்ன, அடுப்புல சூப்பு பொங்குதா?" என்று கேட்பார் கணவர் மெங் கித்தே.

"ஈரம் பாக்கணும்."

"இப்பத்தான பாத்த?"

"அப்ப பாத்தது அப்ப."

ஹான்சோல் உல்சான் கப்பல் தளத்துக்கு வேலைக்குப் போய் சில ஆண்டுகள் ஆகின்றன. அவனுடைய கட்டில் கிடந்த இடத்தில் இப்போது கூரைவரை அடுக்குகள். அடுக்குகளில் பெட்டிகள், பெட்டிக்கு ஒன்றாகக் கொண்டைப் பல்லிகள். பட்டாளப் பணிக்குப் போகும் முன் அவன் ஆசைப்பட்டு வாங்கிய இரண்டில் தொடங்கியது இது. "நான் வர்ற வரைக்கும் பாத்துக்கம்மா" என்று ஒப்படைத்துவிட்டுப் போனான். திரும்பி வந்தபோது அவனுக்குப் பல்லிகள்மீது இருந்த ஆசை போயிருந்தது. இன்சுக்குக்கு வந்திருந்தது.

அதற்கு முன் அவள் வோன்ஜு நகரத்துப் பள்ளி ஒன்றில் மதியச் சோறு சமைத்தவள். பெரிய அண்டாக்களைத் தூக்கித் தூக்கித் தோள்மூட்டு தேய்ந்தது. அது வேலையால் வந்த தேய்மானம் அன்று, வயதால் வந்தது என்று எழுதிக் கொடுத்து அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தத் தீர்ப்பை அவள் எதிர்த்துப் பேசியும் பயனில்லாமல் போயிற்று. தான் சொன்ன உண்மையை யாரும் ஏற்கவில்லை என்ற எரிச்சல் அவளுக்குள் அப்போதிருந்தே இருந்தது. பல்லி வளர்ப்பை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அயல்மொழிப் பக்கங்களைக் கைபேசி அரைகுறைக் கொரியத்தில் மாற்றித் தந்ததைப் படித்தாள். ஒன்றுக்கொன்று முரண்பட்டவற்றைத் தன் பெட்டிகளில் செய்து பார்த்து, எது சரி என்று தானே முடிவு செய்தாள்.

வளர்ப்பவர்களின் சங்கம் வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் சந்தை கூட்டும். அந்தச் சந்தையில் வளர்ந்த பெண் பல்லியை வாங்குகிறவர் விலையைக் கேட்கும் முன் ஒரு கேள்வி கேட்பார்: "ஆண் பார்த்ததா?" காரணம் இருக்கிறது. ஒரே ஒரு முறை கூடிய பெண், ஆணின் வித்தை மாதக்கணக்கில், சில சமயம் ஓர் ஆண்டுக்கும் மேல், உடம்புக்குள் வைத்துக்கொண்டிருக்கும். பிறகு அதற்கு எந்த ஆணைத் துணையாக விட்டாலும், குஞ்சு யாருடையது என்று சொல்ல முடியாது. பெண்ணைத் தூக்கிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. விற்பவரின் வாய்ச்சொல்தான் சான்று. அப்படிக் கொடுத்த சொல்லில் இன்சுக் ஒருமுறையும் பிசகியதில்லை. "வோன்ஜு அக்கா இல்லன்னா இல்ல" என்பார்கள். தோளைப் பறித்த உலகம் அவளுக்குக் கொடுத்திருந்த மரியாதை அது ஒன்றுதான்.

மார்ச் மாதம் பாங் ஜுன்மோ அவளிடம் ஒரு பெண் பல்லி வாங்கினான். ஜெச்சோனில் பல்லிக்கடை வைத்திருப்பவன். சந்தையில் யாருக்கு மேசை, யாருக்கு இல்லை என்று முடிவு செய்யும் குழுவுக்கும் அவன்தான் தலைவன். அவனிடம் புகைபோல் சாம்பல் நிறமான ஓர் ஆண் இருந்தது. அதற்குத் துணையாக இன்சுக்கின் கம்ஜாவைக் கேட்டான். கம்ஜா என்றால் உருளைக்கிழங்கு. குஞ்சாக இருந்தபோது அப்படித்தான் இருந்தது. வளர்ந்தபின் செங்கல் நிறமும் அகன்ற தலையுமாக மாறிவிட்டது.

"ஆண் பார்த்ததா அக்கா?"

"இல்ல முதலாளி. முட்டைலேர்ந்து என் கையில வளந்தது. பக்கத்துப் பெட்டிக்காரன் மூஞ்சியக்கூடப் பாத்ததில்ல."

"நீங்க சொன்னா சரி."

ஜூலையில் சங்கத்தின் அரட்டைக் குழுவில் ஜுன்மோ ஒரு படம் போட்டான். கம்ஜா அவனிடம் இட்ட முட்டைகளில் ஒன்றிலிருந்து வந்த குஞ்சு. விலாவிலிருந்து தோள்வரை சுண்ணாம்பு அடித்தாற்போல் வெள்ளை. இந்த வகையை வளர்ப்பவர்கள் லில்லி என்பார்கள். இந்த வெள்ளை, தாய் தகப்பனில் ஒளிந்திருந்து பிள்ளையில் தலைகாட்டும் குணம் அன்று. பெற்றவர்களில் ஒருவர் வெள்ளையாக இருந்தே தீரவேண்டும். அப்போதும் பாதிக் குஞ்சுகள்தாம் வெள்ளையாகும். கம்ஜா செங்கல். ஜுன்மோவின் ஆண் சாம்பல்.

"வோன்ஜு அக்கா, இந்தப் புள்ளையோட அப்பா யாருன்னு கொஞ்சம் சொல்றீங்களா?" என்று படத்துக்குக் கீழே எழுதியிருந்தான்.

"செங்கல்லும் சாம்பலும் சேந்தா சுண்ணாம்பு வரும்போல" என்றார் ஒருவர். "வீடே கட்டிடலாம்" என்றார் இன்னொருவர்.

இன்சுக்கிடம் ஒரு லில்லி ஆண் இருந்தது உண்மை. சோகும் என்று பெயர், உப்பு. ஆனால் அது வேறு அடுக்கில் வேறு பெட்டியில் இருந்தது. அவள் கையால் கம்ஜாவிடம் அது ஒருநாளும் விடப்படவில்லை. அவள் உட்கார்ந்து பதில் எழுதினாள். கம்ஜா பிறந்தது முதல் விற்றதுவரை வரிசையாக, படங்களோடு எழுதினாள். கடைசியில், கோபத்தில் ஒரு பத்தி சேர்த்தாள். "உங்கள் கடையில் லில்லிப் பெண்கள் பல உள்ளன. முட்டைப் பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். முட்டை எங்கே மாறியது என்பதை அங்கே தேடுங்கள்."

அந்தப் பத்தி அவன் எழுதியதைவிட வேகமாகப் பரவியது.

மறுவாரம் காங்னங்கிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். முன்பு இன்சுக்கிடம் குஞ்சு வாங்கியவள். குரல் பணிவாக இருந்தது. "தப்பா நெனக்காதீங்க அக்கா. என்கிட்ட இருக்கறதோட அப்பா, நீங்க கொடுத்த படத்துல இருக்கறதுதான?"

"அதுதான்."

"சரிக்கா. சும்மா கேட்டேன்."

சும்மா கேட்டேன் என்ற சொல் இன்சுக்கின் காதில் குடியேறிவிட்டது. பல்லிகளுக்குத் தீனி மாவு கரைக்கும்போதும் கேட்டது, பேருந்தில் நின்றபோதும் கேட்டது. அவள் சந்தைத் தோழி யோன்ஹ்வாவை அழைத்தாள். அடுத்த மேசையில் தீனியும் மரப்பட்டையும் விற்பவள், இரண்டு பக்கத்துக்கும் வேண்டியவள்.

"கம்ஜாவத் திருப்பி அனுப்பச் சொல்லு. காசத் திருப்பிக் கொடுத்துடறேன். அங்க போனதுலேர்ந்து அது சரியாத் திங்கலையாம், ஒருதடவ முட்டை போட்டதோட நின்னுடுச்சாம். இங்க வந்து தேறட்டும். ஆணே இல்லாம தனியா வெக்கிறேன். அடுத்து இடுற முட்டைல என்ன வருதுன்னு எல்லாரும் பாக்கட்டும்."

"வெள்ளை வந்துட்டா?"

"வராது."

"அக்கா, வந்துட்டான்னு கேட்டேன்."

"வந்தா சங்கத்தவிட்டுப் போயிடறேன். வரலன்னா அவன் எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கணும்."

வெள்ளை வராவிட்டால் அது முழு நிரூபணம் ஆகாது என்பது இன்சுக்குக்கும் தெரியும், ஜுன்மோவுக்கும் தெரியும். பாதிக்குப் பாதி என்பது அப்படித்தான். ஆனாலும் இதைவிட நேரான வழி இருவருக்கும் தோன்றவில்லை. ஜுன்மோ ஒப்புக்கொண்டான். கம்ஜா மெலிந்துபோய் வந்து சேர்ந்தது. ஆகஸ்டில் இரண்டு முட்டைகள் இட்டது.

இன்சுக் அவற்றைத் தோண்டி எடுத்த விதமே தனி. பறவை முட்டையை அடைகாக்கும் தாய் உருட்டிக்கொண்டே இருக்கும். பல்லி முட்டைக்கு அது ஆகாது. இட்ட சில நாளில் கரு ஓட்டின் மேற்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் முட்டை புரண்டால் கரு தன் உணவுக்கு அடியில் சிக்கி மூச்சடைத்துப் போகும். ஆகவே எடுக்கும் முன்பே ஒவ்வொரு முட்டையின் உச்சியிலும் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார்கள். பொரிக்கும்வரை புள்ளி மேலேயே இருக்கவேண்டும். அவள் புள்ளி வைத்தாள். ஈரம் தாங்கும் வெள்ளைக் கல்துகளில் குழி செய்து இரண்டையும் பதித்தாள். குளிர் வந்ததும் வீட்டுத் தரைக்கு ஏற்றும் சூடு எட்டாத உயரத்தில் பெட்டியை வைத்தாள். கைபேசி வெளிச்சத்தை அடியில் பிடித்தபோது இரண்டுக்குள்ளும் சிவப்பு நரம்புகள் தெரிந்தன. இரண்டும் உயிருள்ளவை.

அதன் பிறகு அவளுக்கு வேறு வேலையே இல்லை, எந்த வேலையும் ஓடவும் இல்லை. துணியை இயந்திரத்தில் போட்டுவிட்டு எடுக்க மறந்தாள். வெந்நீர் வைத்துவிட்டு அறைக்குப் போனாள். ஈரமானியைத் தட்டினாள், அது சரியாகக் காட்டுகிறதா என்று இன்னொன்று வாங்கினாள், இரண்டும் வேறுவேறு காட்டியதால் மூன்றாவது வாங்கினாள்.

"அக்கா, முட்டைய நீங்களே அடைகாக்குறீங்கன்னு ஊர்ல பேச்சு" என்றாள் யோன்ஹ்வா, தீனி மூட்டையைக் கொண்டுவந்து போட்டபோது. "கீழ்வீட்டு அம்மா கேட்டாங்க, மாடில யாரோ ராப்பகலா நடக்கறாங்களே, மருமக வந்திருக்காளா, சண்டையான்னு."

"அவங்க நாய் குலைக்கறத நான் கேட்டேனா?"

"குஞ்சு வந்தா மொதல்ல எனக்குத்தான் படம் அனுப்பணும். ஜுன்மோவுக்கு அப்புறம்."

கித்தேயும் நிலைகொள்ளாமல் இருந்தார் என்பதை இன்சுக் கவனித்தாள்; காரணத்தைத்தான் தவறாக எடுத்துக்கொண்டாள். நகரப் பேருந்து ஓட்டுபவர். பணி முடிந்து வந்தால் முன்பெல்லாம் செருப்பைக்கூட ஒழுங்காக வைக்காமல் தொலைக்காட்சி முன் சாய்வார். இப்போது வந்ததும் அறை வாசலில் நிற்கத் தொடங்கினார்.

"இன்னும் ஒண்ணும் ஆகலையே?"

"ஆகறதுக்கு நவம்பர் ஆகும்."

"ஹான்சோல் அம்மா, இத விட்டுடேன். முட்டையத் தூக்கிக் குப்பையில போடு. சங்கம்தான, போனாப் போகட்டும். நாம சோக்சோவுக்குப் போய் மீன் சாப்பிட்டு வரலாம்."

"குப்பையில போட்டா பயந்துட்டான்னு சொல்வாங்க."

"சொல்லட்டுமே."

"உங்களுக்கு யாரும் ஒண்ணும் சொன்னதில்ல. அதனால தெரியல."

தனக்காக மனிதர் வருந்துகிறாரே என்று அவளுக்கு நெகிழ்ச்சியாகக்கூட இருந்தது. அன்று அவருக்குப் பிடித்த சோயா சூப்பு வைத்தாள். அவர் பாதிக் கிண்ணத்தில் கரண்டியை வைத்துவிட்டார்.

அக்டோபர் நடுவில் ஒரு நாள், தோளுக்கு மின்சிகிச்சை எடுத்துவிட்டு இன்சுக் வீடு திரும்பினாள். கித்தேக்கு அன்று ஓய்வு. அவள் கைப்பையைக்கூட இறக்காமல் அறைக்குள் போய் முட்டைப் பெட்டியின் மூடியைத் திறந்தாள்.

ஒரு முட்டையின் உச்சியில் புள்ளி இருந்தது. மற்றதன் உச்சி வெறுமையாக இருந்தது.

முதலில், ஈரத்தில் பென்சில் அழிந்துவிட்டதோ என்று நினைத்தாள். குனிந்து பார்த்தாள். புள்ளி அழியவில்லை, அடியில், துகள் ஒட்டிக்கொண்டு, தெளிவாக இருந்தது. முட்டையைச் சுற்றித் துகளில் விரல் பதிந்த பள்ளம் இருந்தது. பெட்டி ஆடினால் இரண்டும் புரளும். அப்போதும் இப்படிப் பள்ளம் விழாது. அவள் இடது கையைத் துகளுக்குள் விட்டு, முட்டையை மெல்லத் திருப்பிப் புள்ளியை மேலே கொண்டுவந்தாள். வெளிச்சம் பிடித்தாள். நரம்புகள் சிவந்தே இருந்தன. எப்போது புரண்டது, எவ்வளவு நேரம் கிடந்தது, எதுவும் தெரியவில்லை.

கித்தே அடுக்களையில் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஹான்சோல் அப்பா, அந்த அறைக்குப் போனீங்களா?"

"எந்த அறை?"

"இந்த வீட்டுல எத்தன அறை இருக்கு?"

"காத்து வரட்டும்னு ஜன்னலத் தொறந்தேன்."

"ஜன்னலத் தொறந்தா முட்டை பொரளுமா?"

கத்தி நின்றது. பிறகு மறுபடி நறுக்கத் தொடங்கியது, முன்னைவிடப் பருமனான துண்டுகளாக.

"கை பட்டிருக்கும்."

"பெட்டி மூடியிருந்துச்சு. நாலு பக்கமும் பூட்டுன மூடி. கை எப்படிப் படும்? பக்கத்துல விரல் பதிஞ்ச பள்ளம் இருக்கு. என் விரல் அவ்வளவு பருமன் இல்ல."

அவர் கத்தியைக் கழுவினார். துடைத்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டையும் பொரட்டணும்னுதான் போனேன். ஒண்ணுதான் முடிஞ்சுது. அடுத்ததத் தொட்டப்போ உள்ள ஏதோ அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. விட்டுட்டேன்."

"எதுக்குப் பொரட்டணும்?"

"வெள்ளை வந்துடும்னு."

"வெள்ளை ஏன் வரும்?"

அவர் கத்தியை மறுபடி கழுவினார். இன்சுக் காத்திருந்தாள். அவளுக்குள் ஒரு பகுதி அதற்குள் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு முடித்திருந்தது. மற்றப் பகுதி அவர் வாயாலேயே வரட்டும் என்று நின்றது.

"போன வருஷம் நீ குளிர்காலத்துக்குக் கிம்ச்சி போடறதுக்குக் கோசானுக்கு உங்க அக்கா வீட்டுக்குப் போனேல்ல" என்றார் கடைசியில். "தீனி வெக்கச் சொல்லிட்டுப் போன. வெச்சேன். ஒண்ணும் தப்பு பண்ணல. இது மட்டும் கண்ணாடிகிட்டயே வந்து உக்காந்து என்னையே பாத்துக்கிட்டிருந்துச்சு. நானும் தனியா நூடுல்ஸ் தின்னுட்டு உக்காந்திருந்தேன். பாவம், ஒத்தையா இருக்கேன்னு..."

"சோகும எடுத்து விட்டியா?"

கோபம் வந்தால் அவளுக்கு 'நீங்க' போய்விடும். முப்பது ஆண்டுப் பழக்கம் இருவருக்கும்.

"ஒரு ராத்திரிதான். காலைல போய்ப் பாத்தேன். ஆளுக்கொரு மூலைல உக்காந்திருந்துச்சுங்க. ஒத்துப்போகல போலன்னு எடுத்து அதோட வீட்டுலயே விட்டுட்டேன். சண்டகூடப் போடல ரெண்டும்."

"அது என்ன, காபி குடிக்கவா கூட்டிட்டு வந்த?"

"ஒண்ணும் நடக்கலன்னுதான் நெனச்சேன். சத்தியமா. அந்தப் பையன் படம் போட்டப்பத்தான் புரிஞ்சுது. சொல்லலாம்னு வந்தேன். நீ அதுக்குள்ள அவனுக்கு எழுதி அனுப்பிட்ட."

இன்சுக் சுவரில் சாய்ந்தாள். சென்ற டிசம்பரில் கம்ஜாவின் பிடரியில் செதில் பெயர்ந்த ஒரு சிறு தழும்பை அவள் பார்த்திருந்தாள். தோலுரிப்பில் ஏற்பட்டது என்று தானே முடிவு கட்டினாள். ஆண் கூடும்போது பெண்ணின் பிடரியைக் கவ்வும் என்பது அவளுக்குத் தெரியாததன்று. தன் வீட்டில் அது நடக்காது என்று நம்பியதால், தெரிந்ததே கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. குளிர்காலத்துக்காக அறையின் சூட்டை அவள்தான் குறைத்து வைத்தாள். அதனால் கம்ஜா முட்டையிடாமல், வித்தை உடம்பில் அடக்கி வைத்துக்கொண்டது. எல்லாம் ஒழுங்காகச் செய்தாள். அந்த ஒழுங்கே பொய்யை வசந்தம்வரை பத்திரமாகக் காப்பாற்றித் தந்தது.

"இப்ப என்ன கெட்டுப்போச்சு?" என்றார் கித்தே, தயங்கித் தயங்கி. "அந்தப் பொரண்டது எப்படியும் தேறாது. இன்னொண்ணுல வெள்ளை வரலன்னா நீ ஜெயிச்ச. வந்தா அது நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். முட்டை கெட்டுப்போச்சுன்னு சொல்லிடலாம். முட்டை கெடறது ஊர்ல நடக்காததா?"

"நான் ஜெயிச்சா யார் தோத்தது?"

"அந்தக் கடைக்காரப் பையன்."

"அவன் என்ன தப்பு பண்ணான்?"

அவர் நறுக்கிய முள்ளங்கியை அள்ளிக் கிண்ணத்தில் போட்டார், மறுபடி எடுத்தார்.

அன்று மாலையும் மறுநாளும் அந்த வீட்டில் "சோறு இருக்கு", "குளிக்கப் போறேன்" என்பவற்றைத் தவிர வேறு பேச்சு இல்லை. இன்சுக் நடந்தாள். அறைக்கும் மாடத்துக்கும், மாடத்துக்கும் அறைக்கும். இதுவரை நடந்ததில் ஒரு வலு இருந்தது: உண்மை தன் பக்கம், அதைச் சொல்லத்தான் வழியில்லை. இப்போது வழி திறந்திருந்தது, உண்மை இடம் மாறியிருந்தது. பேசாமல் இருந்தால் முட்டை பார்த்துக்கொள்ளும் என்று கணவர் சொன்னது அவளைக் கொஞ்சமும் தொடவில்லை என்று சொல்ல முடியாது. தொட்டது. முட்டைப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம், அந்தச் சரியான முட்டை வெள்ளையில்லாமல் பொரியட்டும் என்று அவள் வாய்க்குள் சொல்லிக்கொண்டது உண்டு. சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று உணர்ந்ததும் மூடியை அறைந்து மூடுவாள்.

ஒரு காலையில் அவள் மேலங்கியை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். கித்தே பேருந்துச் சீருடையில் பணிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"எங்க?"

"ஜெச்சோனுக்கு."

அவர் தன் பணியிடத்துக்கு அழைத்து, வயிற்றுப்போக்கு என்று சொல்லி விடுப்பு வாங்கினார். "நானும் வரேன். நான்தான் சொல்லணும்."

"நீ வந்து என்ன சொல்லுவ?"

"நான் பண்ணத நான் சொல்றேன்."

ஜுன்மோ கடையில் பெட்டிகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். இருவரையும் பார்த்ததும் தெளிப்பானை இறக்கவில்லை. குறி வைத்தவன்போல் பிடித்தபடியே நின்றான். இன்சுக் பேச வாயெடுக்கும் முன்பே கித்தே சீருடையோடு இடுப்புவரை வளைந்து தலை தாழ்த்தினார். வளைந்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். கிம்ச்சி, நூடுல்ஸ், கண்ணாடியருகே வந்து பார்த்தது, ஒரு ராத்திரி. முட்டையைப் புரட்டியதையும் விடவில்லை.

ஜுன்மோவின் முகத்தில் சிரிப்புக்கும் கோபத்துக்கும் நடுவில் ஏதோ வந்து போயிற்று.

"நிமிருங்க அண்ணே. கடைக்கு ஆள் வந்தா நான் உங்கள அடிச்சேன்னு நெனப்பாங்க." பிறகு இன்சுக்கிடம் திரும்பினான். "அண்ணன் பண்ணது இருக்கட்டும் அக்கா. என் கடைல முட்டை மாறுதுன்னு எழுதினது அண்ணன் இல்லையே."

"நான்தான்."

"அதுக்கப்புறம் இங்க வர்றவங்க டப்பாவத் தூக்கித் தூக்கிப் பாக்கறாங்க. ஒருத்தர் கேக்கறாரு, இது இதோட முட்டைதானான்னு. எங்க அம்மாவே கேட்டாங்க."

"எனக்கும் அதேதான் நடந்துச்சு முதலாளி. சும்மா கேட்டேன்னு சொல்லிச் சொல்லிக் கேட்டாங்க. அதனால உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் குஞ்சு பொரியட்டும்னு இன்னும் கொஞ்ச நாள் உக்காந்திருக்கலாமான்னு பாத்தேன். முடியல."

"முட்டை இன்னும் பொரிக்கலையா?"

"இல்ல."

அவன் தெளிப்பானைத் தாழ்த்தினான். தெளிப்பானின் முனையிலிருந்து நீர் சொட்டியது. "பொரிச்சப்புறம் வந்திருந்தா வேற மாதிரி இருந்திருக்கும்" என்றான். அது எந்த அர்த்தத்தில் என்று அவள் கேட்கவில்லை.

வீடு திரும்பும் வழியிலேயே பேருந்தில் நின்றபடி அவள் அரட்டைக் குழுவில் எழுதினாள். என்ன நடந்தது, யார் வீட்டில் நடந்தது, ஜுன்மோவின் கடையில் எந்த முட்டையும் மாறவில்லை என்பது. கணவர் செய்தது என்று எழுதிவிட்டு அதை அழித்து, என் வீட்டில் நடந்தது என்று எழுதினாள். தன்னிடம் குஞ்சு வாங்கிய யாருக்கு ஐயம் இருந்தாலும் திருப்பித் தரலாம் என்று முடித்தாள். முன்பு கிண்டல் செய்தவர்கள் ஒருவரும் இப்போது கிண்டல் செய்யவில்லை. அது அவளுக்குக் கிண்டலைவிடக் கடினமாக இருந்தது. காங்னங் பெண் மட்டும் தலை தாழ்த்தும் பொம்மைப் படம் ஒன்றைப் போட்டாள். இலையுதிர்காலச் சந்தையில் இன்சுக்குக்கு மேசை இல்லை, அடுத்த வசந்தத்திலும் இல்லை என்று குழு முடிவு செய்தது. சங்கத்திலிருந்து நீக்கவில்லை. யோன்ஹ்வா அழைத்தாள். "என்னோட மேசைல பாதி எடுத்துக்கோங்க அக்கா, யார் கேக்கப் போறாங்க" என்றாள். "கேப்பாங்க" என்றாள் இன்சுக்.

நவம்பரின் முதல் குளிரில் புரளாத முட்டை வியர்த்தது, சுருங்கியது, கீறியது. ஒரு குஞ்சு தலையை நீட்டி நெடுநேரம் யோசித்துவிட்டு வெளியே வந்தது. இன்சுக் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முழுக்கப் பழுப்பு. விலாவிலும் இல்லை, தோளிலும் இல்லை. ஒரு சுண்டு விரல் நகத்தளவு வெள்ளைகூட இல்லை.

கித்தே வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது. "அப்ப நாம சும்மா இருந்திருந்தா..."

"தெரியும்."

"நான் ஒண்ணும் சொல்லல."

"சொல்லாம இருக்கறதே நல்லது."

புரண்ட முட்டை வியர்க்கவில்லை. நாள் கடந்தது. வெளிச்சம் பிடித்தால் சிவப்பு இல்லை, அசையாத ஒரு நிழல் மட்டும் இருந்தது. ஓட்டில் பூஞ்சை படரத் தொடங்கியபின் அவள் நகவெட்டும் கத்தரியால் அதைத் திறந்தாள். கணவரைக் கூப்பிட்டாள். அவர் வரவில்லை. மறுபடி கூப்பிட்டாள். வந்தார்.

குஞ்சு ஏறக்குறைய முழுமையாக வளர்ந்திருந்தது. கண்கள், விரல்கள், இமையோரக் கொண்டை எல்லாம் இருந்தன. விலாவிலிருந்து தோள்வரை வெள்ளை ஏறியிருந்தது.

கித்தே அதைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கைகழுவும் தொட்டிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, கையை நீட்டாமலே நின்றார்.

அதை ஜுன்மோவுக்கு அனுப்பவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. வழக்கு முடிந்துவிட்டது. இருந்தும் இன்சுக் இரண்டையும் படம் எடுத்தாள், உயிருள்ள பழுப்பையும் உயிரில்லாத வெள்ளையையும். இரண்டையும் அவனுக்கு அனுப்பினாள். கீழே எதுவும் எழுதவில்லை. எழுதினால் அது வாதமாகிவிடும் என்று தோன்றியது.

படத்துக்குப் பக்கத்தில், இன்னும் பார்க்கப்படவில்லை என்பதற்கு அடையாளமாக ஒரு 1 நின்றது. அவள் மாவு கரைத்தாள். பார்த்தாள். பெட்டிகளுக்குத் தண்ணீர் தெளித்தாள். பார்த்தாள். கீழ்வீட்டு நாய் குலைத்தது. இவள் நடப்பதைக் கேட்டுத்தான் இருக்கவேண்டும். திரும்பி வந்தபோது 1 மறைந்திருந்தது. பதில் இல்லை. படத்தைப் பார்த்துவிட்டான், சொல்ல ஒன்றும் இல்லை என்று அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். நிமிர்த்தி வைத்தாள்.

இருட்டும் நேரத்தில் பதில் வந்தது.

"அம்மாக்காரி எப்படி இருக்கா?"

இன்சுக் கம்ஜாவைத் தூக்கி அடுக்களைத் தராசில் வைத்தாள். அது தட்டைவிட்டு அவள் மணிக்கட்டுக்குத் தாவியது. மறுபடி வைத்து, உள்ளங்கையால் மேலே மறைத்து, எண் நிற்கும்வரை காத்தாள். வாயை மெல்லத் திறந்து, அண்ணத்தில் சுண்ணாம்புச் சத்துப் பைகள் நிரம்பியிருக்கின்றனவா என்று பார்த்தாள்.

"எடை ஏறியிருக்கு. சுண்ணாம்பு இன்னும் பத்தல. அடுத்த வருஷமும் ஆண் கிட்ட விடாம இருக்கறதுதான் நல்லதுன்னு நெனக்கிறேன்" என்று எழுதி அனுப்பினாள்.

பக்கத்தில் 1 வந்து நின்றது. அது மறையும்வரை கைபேசியைப் பிடித்தபடி அவள் அடுக்களையிலேயே நின்றாள்.